தொட்டிலும் தையல் மெஷினும் ஒரே அறையில்



வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கும் தாய்மார்கள் நம் பகுதியில் நிறையப் பேர். புர்கா, சுடிதார் தைப்பவர்கள், ஆரி வேலை செய்பவர்கள், இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போடுபவர்கள், வடகமும் மசாலாத் தூளும் செய்பவர்கள், சாயங்காலம் டியூஷன் எடுப்பவர்கள். கீரப்பாளையத்திலிருந்து புவனகிரி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை வரை எந்தத் தெருவிலும் இப்படிச் சிலராவது இருப்பார்கள். "வீட்டோட இருந்து சம்பாதிக்கிறா, அவளுக்கென்ன கஷ்டம்?" என்று கேட்பவர்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

கஷ்டம் இருக்கிறது. பிள்ளை ஒரு டம்ளரைத் தட்டிவிட்டதற்கு அடித்துவிட்டுப் பிறகு தனியே அழுவது, படுத்தாலும் தூக்கம் வராமல் நாளைய ஆர்டரை எண்ணிக்கொண்டிருப்பது, போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடப்பது, எதைச் செய்தாலும் இன்னொன்றை விட்டுவிட்டோமே என்ற குறுகுறுப்பு. இதைத்தான் மன அழுத்தம் என்கிறோம். இதைப் பலவீனம் என்றோ, பொறுமை போதாது என்றோ சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பெரும்பாலும் கோளாறு அந்தப் பெண்ணிடம் இல்லை. அவள் வேலை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. ஆகவே இந்தப் பாடத்தில் முதலில் வேலையைப் பார்ப்போம், மனதைப் பிறகு பார்ப்போம்.

வெளியே வேலைக்குப் போகிறவருக்கு ஒரு வாசல் இருக்கிறது. காலையில் அதைத் தாண்டினால் வேலை, மாலையில் திரும்பத் தாண்டினால் வீடு. வீட்டுத் தொழில் செய்யும் தாய்க்கு அந்த வாசல் கிடையாது. மெஷினில் உட்கார்ந்தால் குக்கர் விசில், எழுந்து போனால் குழந்தையின் அழுகை, குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் வாசலில் அளவு கொடுக்க வந்தவர், அவரை அனுப்பினால் வாட்ஸ்அப்பில் நாலு வாய்ஸ் மெசேஜ். வெட்டவேண்டிய துணி வேறொருவருடையது. கவனம் சிதறி ஒரு அங்குலம் தப்பினால் கைக்காசு போட்டு ஈடு கட்டவேண்டும். இப்படி ஒவ்வொரு நிமிடமும் இழுபடும்போது உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற சுரப்புகள் கூடுகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. அரை மணி நேரம் இப்படி இருந்தால் கெடுதல் இல்லை. காலை முதல் இரவு வரை, மாதக் கணக்கில் இப்படியே இருந்தால் தூக்கமும் பசியும் கெடும், கோபம் முந்திக்கொண்டு வரும்.

எவ்வளவு வேலை என்பதற்கு அரசாங்கமே கணக்கு எடுத்திருக்கிறது. மத்தியப் புள்ளியியல் துறையின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு. கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வீட்டு வேலைக்கு மேல்தான் ஒரு பெண் தன் தொழிலைத் தொடங்குகிறாள். வீட்டு வேலையின் அளவு குறையாமல் தொழில் மட்டும் கூடினால், அந்த நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான்.

ஏழு பெண்களும் எண்பது ரூபாயும்

வீட்டோடு தொழில் செய்ததில் நாட்டிலேயே பெயர் பெற்றவர்கள் லிஜ்ஜத் அப்பளப் பெண்கள். 1959 மார்ச் 15ஆம் தேதி மும்பை கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜஸ்வந்திபென் போபட். பின்னாளில், 2021இல், பத்மஸ்ரீ விருது பெற்றார். சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக சேவகரிடம் கடனாக வாங்கிய 80 ரூபாய்தான் முதல். அன்று தேறியது நான்கு பாக்கெட். இன்று அந்த அமைப்பில் 45,000க்கு மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

இதைப் பொதுவாக "வியாபார வெற்றிக் கதை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நமக்கு வேண்டிய பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே வேலையைப் பிரித்திருக்கும் முறையைப் பாருங்கள். மாவு பிசைவது கிளையில் நடக்கிறது. காலையில் பெண்கள் வந்து பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் அப்பளம் இட்டு, உலர்த்தி, மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எடை பார்த்து, தரம் பார்த்து, கூலி கொடுத்து, அன்றைய மாவையும் கொடுக்கிறார்கள். பாக்கெட் போடுவது ஒருவர், கடைக்கு அனுப்புவது இன்னொருவர்.

அதாவது வீட்டில் இருக்கும் தாயிடம் வருவது ஒரே ஒரு வேலை, அதற்கும் ஓர் அளவு உண்டு. உளுந்து விலை ஏறியதா, கடைக்காரர் பாக்கி தந்தாரா, அடுத்த வாரம் ஆர்டர் வருமா என்று அவள் தனியாக விழித்திருந்து யோசிக்க வேண்டியதில்லை. லாபமும் நஷ்டமும் எல்லாருக்கும் பொது. மாவு தீர்ந்ததும் அன்றைய வேலை தீர்ந்தது. நான் மேலே சொன்ன அந்த வாசலை அவர்கள் மாவுப் பாத்திரத்தின் அளவிலேயே கட்டிவிட்டார்கள்.

அவர்களுக்கும் ஆரம்பத்தில் திண்டாட்டம் இருந்தது. முதல் வருடம் மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் உற்பத்தியையே நிறுத்தவேண்டி வந்தது. அடுத்த வருடம் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு. மழையிலும் வேலை நடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகம் காயவைக்கமுடியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நம் சகோதரிகளுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். மழை வரும் என்று தெரிந்த மாதத்துக்கு முன்கூட்டியே வேறு ஏற்பாடு செய்துகொண்டால், அந்த மாதத்துக்கான கவலையில் பாதி போய்விடும். மழையில் வடகம் வேண்டாம், அந்த இரண்டு மாதம் பருப்புப்பொடி, ரசப்பொடி மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமே.

அங்கே எல்லாமே சுகம் என்று சொல்லவில்லை. எடைக்குத்தான் கூலி. குனிந்து உட்கார்ந்து உருட்டுவதில் இடுப்பு வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் ஒருத்தியே முதலாளி, தொழிலாளி, கணக்குப்பிள்ளை, வசூல்காரர், டெலிவரி ஆள் என்று ஐந்து வேடம் போடுவதைவிட இது மேல். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வியாபாரத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். அவர்கள் சரக்கோடு தாமே பயணம் போகவில்லை, நம்பிக்கையான ஆட்களை நியமித்து அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

நம் வீட்டில் எப்படிச் செய்வது

அத்தனை கிளையும் மாவு மில்லும் நம்மிடம் இல்லை. ஆனால் ஒரே தெருவில் மூன்று பேர் தைக்கிறார்கள் என்றால், துணியும் நூலும் வாங்க மூவரும் தனித்தனியே சிதம்பரம் பஸ் ஏறவேண்டியதில்லை. வாரம் ஒருவர் போனால் போதும். ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க, பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாத சகோதரி பட்டன், ஹெம்மிங் மட்டும் செய்ய என்று பிரித்துக்கொண்டால் மூவருக்குமே வேலை லேசாகும். காசைப் பிரிப்பதில் மட்டும் முதல் நாளே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். உறவு முறிவதெல்லாம் அங்கேதான்.

நேரத்துக்கு எல்லை கட்ட நம்மிடம் ஏற்கெனவே ஐந்து வக்து இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடுவதைவிட இது எளிது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கிளம்பிய பிறகு லுஹர் வரை தொழில், லுஹருக்கும் அஸருக்கும் இடையே சாப்பாடும் சற்றுப் படுப்பதும், அஸருக்குப் பின் பிள்ளைகள், மஃரிபுக்குப் பிறகு மெஷின் மூடி போட்டுவிடவேண்டும். கைக்குழந்தை இருந்தால் இந்த அட்டவணை அப்படியே நடக்காது. அது தூங்கும் நேரம்தான் உங்கள் நேரம். ஆனால் மூடும் நேரம் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். இஷாவுக்குப் பிறகு வரும் மெசேஜுக்கு இரவே பதில் சொல்லப் பழக்கினால், வாடிக்கையாளர் அதையே உரிமையாக எடுத்துக்கொள்வார். வாட்ஸ்அப் பிசினஸ் என்ற இலவசச் செயலியில் "காலை 10 மணிக்கு மேல் பதில் தருகிறேன்" என்று தானாகவே போகும்படி வைக்கலாம். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுத்துவிடும்.

நோன்பு மாதத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். வருடத்திலேயே அதிக ஆர்டரும் அதிகக் களைப்பும் ஒன்றாக வருவது அப்போதுதான். ஸஹருக்கு எழுந்து, நோன்போடு தைத்து, இஃப்தாருக்குச் சமைத்து, தராவீஹுக்குப் பிறகு திரும்ப மெஷினில் உட்கார்ந்து, பெருநாள் காலையில் சொந்தப் பிள்ளைக்கு ஊக்கு குத்தி உடுத்திவிடும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. நோன்பு 15உடன் ஆர்டர் புத்தகத்தை மூடுங்கள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று வருபவர் மாமியாரின் தங்கையாகவே இருந்தாலும் மூடுங்கள். எத்தனை உருப்படி முடியும் என்பதை ஷஅபானிலேயே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், "முடியாது" என்று நீங்கள் சொல்லவேண்டியதில்லை, சுவர் சொல்லும்.

அடுத்தது விலை. மன அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது விலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச்சுக்கு ஒரு கணக்கு: ஒரு புர்காவுக்குக் கூலி 350 ரூபாய் வாங்குகிறீர்கள். நூல், பட்டன், கரண்டு 70 ரூபாய். துணி வாங்கப் போய்வந்த பஸ் செலவில் இதன் பங்கு 30. மிச்சம் 250. அளவு எடுத்ததிலிருந்து இஸ்திரி போட்டுக் கொடுத்தது வரை 6 மணி நேரம் ஆனது என்றால், மணிக்கு 42 ரூபாய்கூட வரவில்லை. இது தெரியாததால்தான் "இன்னும் நாலு ஆர்டர் பிடித்தால் சரியாகிவிடும்" என்று இரவைக் கொடுக்கிறோம். நாலு ஆர்டர் கூடினாலும் மணிக்கு அதே 42தான். ஒருவாரம் மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: என்ன உருப்படி, எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு, எவ்வளவு வந்தது, யாரிடம் பாக்கி. வாரக் கடைசியில் எந்த வேலையை விடலாம், எதற்குக் கூலி ஏற்றலாம் என்று அந்த நோட்டே காட்டிவிடும். தொழில் காசையும் வீட்டுக் காசையும் இரண்டு டப்பாவில் வையுங்கள். சொந்தக்காரர்களுக்குக் கடனில் தைப்பதற்கு ஓர் எண்ணிக்கை வையுங்கள்.

தொழிலுக்கென்று குழுக் கடன், வாரக் கடன் வாங்கியவர்களுக்கு இரட்டைச் சுமை. வட்டியைப் பற்றிய மார்க்கச் சட்டம் உங்களுக்குத் தெரியும். வட்டியில்லாக் கடன் தரும் பைத்துல்மால் எட்டும் தூரத்தில் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட நுண்கடன் விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது. மிரட்டுவதும் அக்கம்பக்கத்தார் முன் அவமானப்படுத்துவதும் கூடாது. இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து நிற்பவரிடம் இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள்

இந்தப் பகுதியை அத்தாமார்களும் மாமியார்களும் படிக்கவேண்டும்.

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் கிராமத்துப் பெண்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. 2002இல் வெளியானது. 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சேர்த்து, பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களில் திரும்பச் சந்தித்தார்கள். நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நோய் புதிதாக வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தபோது, குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரச் சம்பவங்கள், கைவேலைக்கு உதவ ஆளில்லாமை ஆகியவை முன்னுக்கு வந்தன. இதில் கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். ஆறுதல் வார்த்தைக்கு ஆளில்லை என்று மட்டும் அல்ல, பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க, பிள்ளையைச் சற்று வாங்கிக்கொள்ள ஆளில்லை. அது ஒரு பெண்ணை நோயில் தள்ளும் காரணங்களில் ஒன்று. நம் ஜில்லாவுக்குத் தூரமில்லாத ஊர்ப் பெண்கள் சொன்னது இது.

ஆகவே உதவி என்றால் "கவலைப்படாதே" என்பதல்ல. அஸரிலிருந்து மஃரிப் வரை பிள்ளை அத்தாவிடம் என்று ஒரு முறை வைத்தால் அது உதவி. ராத்திரிப் பாத்திரம் அவருடைய பொறுப்பு என்றால் அது உதவி. வெளிநாட்டில் இருப்பவரானால், தினமும் வீடியோ காலில் "இன்னிக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்பதற்குப் பதில், வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்பலாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. ஜும்ஆவில் பலமுறை கேட்டதுதான். வீட்டுக்கு வந்ததும் மறந்துபோவது ஏனோ.

மாமியார் பார்த்துக்கொள்வார் என்பது பல வீடுகளில் உண்மை. ஆனால் அவருக்கும் மூட்டு வலி, சர்க்கரை உண்டு. நாள் முழுவதும் பேரப்பிள்ளையை அவர் தலையில் கட்டினால் இரண்டு பேருக்கும் கோபம் வளரும். இரண்டு வயது தாண்டிய பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்பலாம். மதியச் சாப்பாடு அங்கேயே கிடைக்கும், உங்களுக்கு மூன்று மணி நேரம் கிடைக்கும். "நம்ம பிள்ளையையா பால்வாடியில விடறது" என்ற கௌரவத்தை ஒதுக்கிவைப்பது நல்லது.

உடம்பையும் பாருங்கள், நோயையும் அறியுங்கள்

களைப்பு, மூச்சு வாங்குவது, தலைசுற்றல், எதிலும் மனம் ஓடாமை எல்லாவற்றையும் மனக்கஷ்டம் என்றே முடிவு கட்டிவிடக்கூடாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல்! பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு வருவதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையில் தீரக்கூடிய களைப்புக்காக ஒரு வருடம் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கவேண்டாம்.

மன அழுத்தமும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. அழுத்தம் என்பது சுமை குறைந்தால் குறையும். ஆர்டர் முடிந்து, இரண்டு இரவு நன்றாகத் தூங்கினால் பழைய ஆள் திரும்பிவிடுவாள். பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரத்துக்குள் காரணமில்லாமல் அழுகை வருவதும் சகஜம், பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் நாள் முழுவதும் மனம் இருண்டிருந்தால், பிள்ளை தூங்கியும் தனக்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளை மேல் ஒட்டுதலே வராவிட்டால், "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்தால், அது நோய். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை, கூடவே டாக்டரிடமும் போகவேண்டும். பெற்ற சில நாட்களிலேயே சம்பந்தமில்லாமல் பேசுவது, காதில் குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமல் பரபரப்பாக இருப்பது போன்றவை தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அது அவசர நிலை. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

போன் செய்து பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கியது. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். வீட்டில் அடிதடி, கொடுமை காரணமாக மனம் உடைந்திருப்பவர்கள் 181க்கு அழைக்கலாம். நேரில் போக, அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா என்ற பெயரில் இருந்து இப்போது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக உள்ள இடத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது கணவரோ அம்மாவோ கூடச் செல்லுங்கள். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, என்ன சாப்பிடுகிறார், பிரசவம் எப்போது, வேறென்ன மாத்திரை எடுக்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போனதும் பாதி மறந்துவிடும். தாய்ப்பால் கொடுக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலூட்டிக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. பாலை நிறுத்தவேண்டி வருமோ என்ற பயத்தில் மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.